ஆடி நின்றபின்

நியமனக் கடிதத்தில் எல்லாம் இருந்தது.
சம்பளத் தரம், லீவு நாட்கள்,
பால் சேகரிப்பு நிலையம், மல்லாவி.
பையை எங்கே வைப்பதென்று மட்டும் இல்லை.

முதல் நாள் விடிய ஐந்தே முக்காலுக்கு
அங்கே கிடந்தது ஒரே ஒரு கதிரை.
இருந்தேன்.
பேச்சு நின்றது. கான்கள் மட்டும்
ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.
பத்து மணிக்குத்தான் கண்டேன்,
அமலதாஸ் அண்ணை சுவரில் சாய்ந்து
இடது காலைக் கையால் தூக்கி
முன்னுக்கு வைப்பதை.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாள் நான் நின்றேன்.
மூன்றாம் நாள் அவரே ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைக் கவிழ்த்து
காலால், நல்ல காலால்,
என் பக்கம் தள்ளிவிட்டார்.

'நாங்கள் படிக்கேக்க இப்பிடி இல்லை' என்று
முதல் கிழமையில் ஏழு தரம் சொன்னேனாம்.
எண்ணியவள் நிலோஜினி.
எட்டாம் தரம் வாயெடுக்கையில்
அவளுடைய விரல்களைப் பார்த்தேன்.
சொல்லைத் தேத்தண்ணியோடு விழுங்கினேன்.
சுட்டது.

கேள்விகளையும் குறைத்தேன், நாளுக்கு மூன்று.
காலையில் ஒன்று, பவுசர் போனபின் ஒன்று.
மூன்றாவதை அறைக்குக் கொண்டுபோவேன்,
அங்கே பாலைப் பற்றிக் கேட்க
ஒருவரும் இல்லை.

பதிவேட்டில் எல்லாருக்கும் இலக்கம்.
'பதினேழு' என்று கூப்பிட்டேன், ஒருவரும் வரவில்லை.
'பாலிநகர் தவயோகம்' என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.
வரிசையிலிருந்து வந்தார், சிரிக்காமல்,
ஆறரை லீற்றரோடு.

பவுசர் ஓட்டுகிற பண்டார
அநுராதபுரத்திலிருந்து பாதித் தமிழோடு வருவார்.
'மிஸ் புதுசு' என்றார் முதல் நாள்.
இருபதாம் நாளும் மிஸ் புதுசு.
என் கால்வாசிச் சிங்களத்தில் பெயரைச் சொன்னேன்.
ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப்
போகும்போது கை காட்டினார்,
'மிஸ் புதுசு!'

பால்மானியைச் சிலிண்டருக்குள் விட்டால்
தாழும், எழும்பும், கண்ணாடியில் முட்டும்,
கொஞ்சம் சுற்றும்.
ஆடி நின்றபின்தான் வாசிக்க வேண்டும்.
இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதிப்
புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு வரிசை றோட்டு மட்டும்.
கல்விளான் புஷ்பமலர்
கறந்த சூடு ஆறாமல் கொண்டுவந்திருந்தார்.
இருபத்தைந்து என்று வாசித்தேன்.
'தண்ணி' என்றேன்.
கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.
அவர் கானைத் திரும்பவும் கரியரில் வைத்து
ரியூப் இறப்பரால் கட்டினார்,
முடிச்சை இரண்டு தரம் போட்டு.

சைக்கிள் திரும்பியபின் பார்க்கிறேன்,
சிலிண்டருக்குள் மானி அசையாமல் நிற்கிறது.
இருபத்தேழு.
வெப்பமானி முப்பத்தாறு காட்டியது.
சூட்டுக்குரியதைக் கூட்டினால் இன்னும் ஒன்றுக்கு மேல்.
நல்ல பால்.

ஓடு என்றோ இரு என்றோ
பின்னால் ஒரு சத்தமும் இல்லை.
வெள்ளைக் கோட்டோடு துணுக்காய் றோட்டில் ஓடினேன்.
குறுக்கே நின்ற மாடுகள்
வழிவிடுவதா என்று யோசித்தன.
'அக்கா, பிழை என்னுடையது.'
'எனக்கு ஏன் சொல்லுறீர்?
தண்ணி எண்டது அவ்வளவு பேருக்கும் கேட்டது.'
திரும்பி வந்தோம், அவர் சைக்கிளில், நான் நடந்து.
வரிசைக்கு முன்னால் நின்று சொன்னேன்.
கடைசியில் நின்றவருக்குக் கேட்கவில்லையாம்,
இன்னொரு தரம் சொன்னேன்.

பிறகு பெரிதாய் ஒன்றும் மாறவில்லை.
கோப்பைகள் தொங்கும் பலகையில்
மூன்று ஆணிகளுக்குப் பக்கத்தில் நாலாவதாய் ஒன்று,
தலை இன்னும் கறுக்காதது.
ஆர் அடிச்சது என்று கேட்டேன்,
அன்றைய மூன்றாவது கேள்வி.
'இஞ்ச சுத்தியலே இல்லையே' என்றாள் நிலோஜினி.

அசிட் அலுமாரித் திறப்பை
அவள் இன்னும் என்னிடம் தரவில்லை.